புரோட்டீன் குடுத்தும் ஆறாத படுக்கைப்புண்: செட்டிநாட்டு ஆச்சி ஒருத்தங்களோட அஞ்சு மாசம்

இது காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்துல நான் பார்த்த கேஸ். நான் டயட்டீஷியன், வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலையும் உண்டு. குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், ஊர் பேர் எதுவும் போடல. இதுல நான் பண்ணின ஒரு தப்பு இருக்கு, அதனால ஆச்சிக்கு ரெண்டு வாரம் வீணாப் போச்சு. அதைத்தான் முக்கியமா சொல்லணும், ஏன்னா இப்போ நெறைய வீட்ல பெரியவங்களுக்குப் புரோட்டீன் மாவு டப்பா வாங்கி வச்சு இதே தப்பு நடந்துட்டு இருக்கு.

பின்னணி

ஆச்சிக்கு 78 வயசு. மூணு கட்டு வீடு, அதுல அவங்க மட்டும். மகன் சிங்கப்பூர்ல, மகள் கோயம்புத்தூர்ல. காலைல வந்து சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போற ஒரு சமையல் அக்கா, அவங்களுக்கே அறுபதுக்கு மேல. வீட்டுக்காரர் செட்டியார் தவறினதுல இருந்து ஆச்சி கறி மீன் முட்டை எதுவும் தொடுறதில்ல. மேல்பல்லு ஒண்ணும் கெடையாது, பல்செட்டு வச்சா வாய் வலிக்குதுன்னு கழட்டி வச்சுட்டாங்க. சுகர் இல்ல, பிரஷர் மாத்திரை ஒண்ணு.

ஆனி மாசம் ரெண்டாங்கட்டுல ஈரத்துல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சு, மதுரைல ஒரு ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணி பத்தாவது நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. வாக்கர் பிடிச்சு நடக்கலாம்னு டாக்டர் சொல்லியும் ஆச்சி பயத்துல எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாங்க. வந்து ஒரு வாரத்துல முதுகுக்குக் கீழ வால் எலும்பு மேல சிவந்து, தோல் போய் புண்ணு வந்துருச்சு. டிரெஸ்ஸிங் பண்ண வந்த நர்ஸ்தான் மகள்கிட்ட ‘சாப்பாட்டைப் பாருங்க, இது வெறும் மருந்துல ஆறாது’ன்னு சொல்லி என் நம்பரைக் குடுத்தாங்க. நான் மொதல்ல போனது ஆடி எட்டாம் தேதி வாக்குல.

பார்த்தது

புண்ணு 4 சென்டிமீட்டருக்கு 3, மூணாம் கட்டம்னு நர்ஸ் எழுதியிருந்தாங்க, அதாவது தோல் முழுசா போயி அடில கொழுப்பு தெரியுது. வெளிறிப் போய் இருந்துச்சு, ஆறுற புண்ணுல வர்ற அந்தச் சிவப்பு இல்ல. ரெண்டு பாதமும் அழுத்தினா குழி விழுது. விழுறதுக்கு முன்னாடி 46 கிலோ இருந்தவங்க டிஸ்சார்ஜ் சீட்டுல 41. கெண்டைக்கால் சுத்தளவு 27 சென்டிமீட்டர், 31க்குக் கீழ போனாலே தசை கொறைஞ்சிருக்கான்னு யோசிக்கணும். ரத்தத்துல அல்புமின் 2.6, ஹீமோகுளோபின் 9.8, கிட்னி எப்படி இருக்குன்னு பார்க்கிற யூரியா 28, கிரியாட்டினின் 0.8.

சாப்பாடு என்னன்னு கேட்டா ‘நல்லாத்தான் சாப்பிடுறாங்க’ன்னு சமையல் அக்கா சொன்னாங்க. உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டேன். காலைல காபி, ரெண்டு இட்லி தொட்டுக்க வெறும் மிளகாய்ச் சட்னி, பதினோரு மணிக்குக் கஞ்சித் தண்ணி, மத்தியானம் கரைச்ச ரசஞ்சோறு, சாயங்காலம் ஒரு காபி, ராத்திரிக்கு மூடி வச்சுட்டுப் போற இடியாப்பத்துல பாதி. கணக்குப் போட்டா ஒரு நாளைக்குப் புரோட்டீன் 20 கிராம், கலோரி 800 கிட்ட.

இங்க அரிசியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நம்ம உடம்பு புரோட்டீன் கட்டுறதுக்கு 20 அமினோ அமிலம் வேணும், அதுல 9 உடம்பால செஞ்சுக்க முடியாது, சாப்பாட்டுலதான் வரணும், அத்தியாவசிய அமிலம்னு சொல்றது இதைத்தான். அந்த ஒம்போதுல ஒண்ணான லைசின் அரிசில கொறைச்சல். பருப்புல லைசின் நல்லா இருக்கும் ஆனா மெத்தியோனின்னு இன்னொண்ணு கொறைச்சல், அது அரிசில இருக்கு. சாம்பார் சோறும் இட்லியும் காலங்காலமா நிக்கிறது இந்த ஜோடியாலதான். ஆச்சி தட்டுல பருப்புன்னு இருந்தது இட்லில கலந்த உளுந்து மட்டும், பருப்பு வாயுன்னு நிறுத்தி நாலஞ்சு வருஷம் ஆச்சாம். அப்போ அளவும் பத்தல, இருக்கிற கொஞ்சத்துலயும் லைசின் பத்தல. ஒண்ணு கொறைஞ்சா மத்ததெல்லாம் எவ்வளவு இருந்தாலும் கட்டட வேலை அந்த ஒண்ணு தீர்ற எடத்துல நின்னுரும்.

புண்ணு ஆறுறதுன்னா அந்த எடத்துல கொலாஜன்ங்கிற நார் மாதிரியான புரோட்டீனைக் கட்டணும். கொலாஜன் சங்கிலில மூணுக்கு ஒண்ணு கிளைசின், அப்புறம் புரோலின் நெறைய, லைசினும் உண்டு. அந்தப் புரோலினையும் லைசினையும் பக்குவப்படுத்தி முறுக்கேத்துற என்சைமுக்கு வைட்டமின் சி வேணும், அது இல்லாட்டி கட்டின கொலாஜன் நிக்காது. ஆச்சி வாயில பழம்னு ஒண்ணு பட்டே மாசக்கணக்கா ஆச்சு.

கால் வீக்கத்துக்கு எல்லாரும் அல்புமினைக் கை காட்டுவாங்க. அல்புமின் கல்லீரல் 585 அமினோ அமிலத்தைக் கோத்துச் செய்ற புரோட்டீன், ரத்தத்துல தண்ணியைப் பிடிச்சு வைக்குது, கொறைஞ்சா தண்ணி வெளிய கசிஞ்சு வீக்கம் வரும், அது சரி. ஆனா ஆபரேஷன், புண்ணு, இன்ஃபெக்‌ஷன்னு உடம்புல அழற்சி இருந்தாலே அல்புமின் தானா கீழ எறங்கிடும், அதனால அந்த 2.6ஐ மட்டும் வச்சு ‘சாப்பாடு பத்தல’ன்னு நான் முடிவு பண்ணல. எடை, கெண்டைக்கால், தட்டு இந்த மூணும்தான் சொல்லுச்சு.

இன்னொன்னும் பார்த்தேன், ஆனா அன்னைக்கு அதோட முக்கியத்துவம் எனக்குப் புரியல. ஆச்சியைப் படுக்க வச்சிருந்தது வர்றவங்க போறவங்க பார்க்க வசதியா முகப்பை ஒட்டின அறைல. அடுப்பங்கரை மூணாங்கட்டுல. தட்டு வந்து சேர்றதுக்குள்ள ஆறிப் போயிடும், இன்னும் கொஞ்சம் வேணும்னு கேட்டா அந்த அக்கா மறுபடி அவ்வளவு தூரம் நடக்கணும்னு ஆச்சி கேக்கவே மாட்டாங்க.

எடுத்த முடிவுகள்

படுக்கைப்புண் உள்ள பெரியவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.25ல இருந்து 1.5 கிராம் புரோட்டீன், 30ல இருந்து 35 கலோரின்னு சொல்றாங்க. சாதாரண இந்தியப் பெரியவங்களுக்கு 0.83 கிராம், அதோட ஒப்பிட்டாலே தேவை எவ்வளவு ஏறுதுன்னு தெரியும். ஆச்சிக்குக் கணக்குப் பண்ணினா 51ல இருந்து 61 கிராம், 1230ல இருந்து 1435 கலோரி. கிட்னி சரியா இருக்குன்னு டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஏத்த ஒத்துக்கிட்டேன்.

மகன் வீடியோ கால்ல வந்தாரு. ஜிம்முக்குப் போறவங்க குடிக்கிற பிசிஏஏ டப்பா ரெண்டு அனுப்பியிருந்தாரு, லியூசின், ஐசோலியூசின், வேலின் மூணும் சேர்ந்தது. தப்பான எண்ணம் இல்ல, லியூசின்தான் தசை கட்ட ஆரம்பின்னு செல்லுக்குச் சொல்ற அமினோ அமிலம், வயசானவங்களுக்கு அந்த சிக்னல் மந்தமாயிடும், அதனால ஒரு வேளைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே வேணும். ஆனா ஆரம்பின்னு சொன்னா மட்டும் போதாதே, மத்த ஆறு அத்தியாவசிய அமிலமும் கைல இருக்கணும்ல. 1940கள்ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல வில்லியம் ரோஸ்னு ஒருத்தர் மாணவர்களுக்குச் சுத்தமான அமினோ அமிலங்களையே சாப்பாடாக் குடுத்து, ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்த்தார். லைசின் மாதிரி அத்தியாவசியமான ஒண்ணை நிறுத்தினாப் போதும், அமினோ அமிலத்தோட உள்ள போற நைட்ரஜனைவிட வெளிய போறது ஜாஸ்தியாச்சு, உடம்பு தன்னையே கரைக்குதுன்னு அர்த்தம். இதைச் சொல்லி அந்த டப்பாவை வேணாம்னுட்டேன்.

அப்போ ‘அமினோ ஆசிட் பாட்டில் ஏத்திடலாமா’ன்னு மகள் கேட்டாங்க. நம்ம பக்கம் இது ரொம்ப சகஜம், ஒரு மஞ்சப் பாட்டில் ஏத்தினா தெம்பு வரும்னு. 5 சதவீதக் கரைசல்ல அரை லிட்டருக்கு 25 கிராம்தான் வரும், நரம்புல இன்ஃபெக்‌ஷன் ஆபத்து வேற. வாயும் வயிறும் வேலை செய்றப்போ அதைத்தான் பயன்படுத்தணும், குடல் சுவர் செல்லுங்களுக்கே குளுட்டமின்ங்கிற அமினோ அமிலம்தான் முக்கியமான எரிபொருள். டாக்டரும் அதையே சொல்ல விட்டுட்டாங்க.

அப்புறம் நான் சொன்னது: பால்ல இருந்து எடுக்கிற வே புரோட்டீன் மாவு, ஒரு கரண்டில 24 கிராம், காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, தண்ணில கலக்கி. ஒம்போது அத்தியாவசிய அமிலமும் அதுல இருக்கு, லியூசின் நல்லா இருக்கு, மெல்ல வேணாம். 20 கிராமோட 48 சேர்ந்தா 60க்கு மேல போயிடும்னு கணக்கு. அதோட நெல்லிக்காய்ச் சாறு, ஏர் பெட், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறது, ரத்தசோகைக்கு டாக்டர் குடுத்த மாத்திரை. மகள் லீவு போட்டு வந்து தங்கினாங்க. எல்லாம் சரியா இருக்குன்னுதான் நெனைச்சேன்.

நடந்தது: மொதல் ரெண்டு வாரம்

பதினஞ்சு நாள் கழிச்சுப் போனேன். புண்ணு அதே 4க்கு 3. சிவப்பு வரல. திருப்பிப் படுக்க வைக்கிற சார்ட் ஒழுங்கா எழுதியிருந்துச்சு, டிரெஸ்ஸிங் ஒழுங்கு, மாவும் ஒரு வேளை தவறல. ஆனா கெண்டைக்கால் 26.5 ஆயிருந்துச்சு, யூரியா 28ல இருந்து 52, கிரியாட்டினின் அதே 0.8.

என்ன சாப்பிடுறாங்கன்னு மறுபடி உக்காந்து கேட்டேன். மகள் சொல்றதுக்குள்ள ஆச்சியே சொன்னாங்க, ‘ஆத்தா, ஒன் மாவைக் குடிச்சா வயிறு கம்முன்னு இருக்கு, சோறு எறங்கல.’ இட்லி ஒண்ணாச்சு, மத்தியானச் சோறு நின்னே போச்சு, ராத்திரி இடியாப்பம் தொடுறதில்ல. மாவையும் சேர்த்து நாள் முழுக்க 650 கலோரி. புரோட்டீன் மட்டும் பார்த்தா 55 கிராம் போகுது, என் நோட்டுல அது டிக் அடிச்சாச்சு.

உடம்புக்கு மொதல்ல வேணுங்கிறது எரிபொருள். மூச்சு விடணும், இதயம் துடிக்கணும், மூளைக்குக் குளுக்கோஸ் போகணும். அது சோத்துல வரலைன்னா உடம்பு அமினோ அமிலத்துல இருக்கிற நைட்ரஜன் பகுதியைக் கழட்டிட்டு மிச்சத்தை எரிக்கும், இல்லாட்டி கல்லீரல்ல குளுக்கோசா மாத்தும். கழட்டின நைட்ரஜன் அம்மோனியாவாகி, கல்லீரல் அதை யூரியாவாக்கி, சிறுநீரகம் வெளிய தள்ளும். அந்த 52 அதுதான். தண்ணி கொறைவாக் குடிச்சதும் ஓரளவு காரணமா இருக்கலாம், அதையும் ஒதுக்க முடியாது, ஆனா மெலிஞ்சுட்டே போற கெண்டைக்காலோட சேர்த்துப் பார்த்தா கதை தெளிவு. கொழுப்பைச் சேர்த்து வைக்கிற மாதிரி அமினோ அமிலத்துக்குன்னு உடம்புல தனிக் குதிர் கெடையாது, இருக்கிற ஒரே இருப்பு தசைதான். நோவுல இருக்கிறவங்க தசை கரைஞ்சு அலனின், குளுட்டமின்ங்கிற அமினோ அமிலங்கள் ரத்தத்துல வந்துக்கிட்டே இருக்கும், அலனின் கல்லீரலுக்குப் போய் குளுக்கோசாகும்.

மகளுக்கு இதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சப்போ பக்கத்து வளவுதான் கண்ணுல பட்டுச்சு. பங்காளிகளுக்குள்ள பேசி முடிச்சு அந்த வீட்டைப் பிரிச்சுட்டு இருந்தாங்க, பர்மா தேக்குத் தூணெல்லாம் வண்டில ஏத்தி காரைக்குடி பழைய சாமான் கடைக்குப் போயிட்டிருந்துச்சு. ‘அடுப்புக்கு வெறகு இல்லாத வீட்ல தேக்குத் தூணை வெட்டி எரிக்கிற மாதிரி ஆயிருச்சு, நான் வெறகைக் கேக்காம தூண் வாங்கச் சொல்லிட்டேன்’னேன். அவங்க ஒண்ணும் கோவிச்சுக்கல, கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு ‘இப்போ என்ன செய்யணும் சொல்லுங்க’ன்னாங்க.

மாத்தினது

விடை அடுப்பங்கரைல இருந்துதான் வந்துச்சு. அது ஆடி கடைசி வாரம், கும்மாயம் கிண்டியிருந்தாங்க. எனக்கு ஒரு கிண்ணத்துல குடுத்தாங்க, அப்படியே ஆச்சிக்கும் ஒரு வாய் குடுக்க, அவங்க முழுக் கிண்ணத்தையும் வழிச்சுச் சாப்பிட்டாங்க. உளுந்தும் பாசிப்பருப்பும் கொஞ்சம் அரிசியும் வறுத்துத் திரிச்ச மாவு, கருப்பட்டிப் பாகு, நெய். பல்லு வேணாம், சூடா எறங்கும், பருப்போட லைசினும் அரிசியோட மெத்தியோனினும் ஒண்ணா வருது, 30 கிராம் மாவுக்கு ஆறு ஏழு கிராம் புரோட்டீன், நெய்யும் கருப்பட்டியும் சேர்ந்து 250 கலோரி. நான் வெளிய தேடின சத்துமாவு இந்த வீட்டுச் சம்புடத்துலயே இருந்திருக்கு. சுகர் இல்லாததால தைரியமா தெனமும் பத்தரை மணிக்குக் கும்மாயம்னு எழுதினேன், சுகர் உள்ளவங்களுக்கு இதை அப்படியே எடுத்துக் குடுத்துராதீங்க.

மாவு டப்பாவைத் தூக்கிப் போடல, அரைக் கரண்டியாக் கொறைச்சு, தண்ணிக்குப் பதிலா 200 மில்லி பால்ல கலந்து சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும், அதுலயே 19 கிராம் வந்துரும். காலை இட்லிக்கு மிளகாய்ச் சட்னி போய் பொட்டுக்கடலைச் சட்னி, மேல நல்லெண்ணெய். மத்தியானம் குழைஞ்ச சோத்துல பாசிப்பருப்பு, நெய், கடைசியா கெட்டித் தயிர். துவரம்பருப்பு வாயுன்னு பயந்தவங்க பாசிப்பருப்புக்கு ஒத்துக்கிட்டாங்க, பெருங்காயம் சீரகம் போட்டு மசிச்சதுல வயித்துக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு நாளைக்கு ஒருக்கா வெண்டைக்காய் மண்டில, அதாவது அரிசி கழுவின தண்ணில வைக்கிற புளிக்குழம்புல, மொச்சையை நல்லா வேக வச்சு மசிச்சுப் போட்டாங்க. ராத்திரிக்கு இடியாப்பமோ பால் பணியாரமோ. கூட்டினா 60 கிராம் கிட்ட புரோட்டீன், 1400 கலோரி. நெல்லிக்காய்ச் சாறு தொடர்ந்துச்சு.

அதைவிடப் பெரிய மாத்தம் கட்டில். ரெண்டாங்கட்டுல, அடுப்பங்கரை வாசல் தெரியுற மாதிரி கட்டிலைக் கொண்டு வந்து போட்டாங்க. தாளிக்கிற வாசம் வருது, சமையல் அக்காவோட பேச்சுத்துணை, சூடா தட்டு, ‘இன்னொரு கரண்டி போடு’ன்னு படுத்த எடத்துல இருந்தே சொல்லலாம். பசி பாதி அங்கதான் வந்துச்சுன்னு நான் நம்புறேன்.

பிசியோ வர்ற நேரத்தை நாலரைக்கு மாத்தினோம், பால் குடிச்ச கையோட. தசை இழுத்து வேலை செஞ்சாத்தான் வந்த அமினோ அமிலத்தை அது எடுத்துக் கட்டும், படுத்தே இருக்கிற தசைக்கு எவ்வளவு குடுத்தாலும் பெருசா சேராது. மொதல்ல கட்டில் ஓரத்துல உக்கார்றது, அப்புறம் பத்து தடவை எந்திரிச்சு உக்கார்றது.

அப்புறம் தட்டுல மிச்சம் வைக்கிறதை எழுதுற பழக்கம். குடுத்தது என்னன்னு எழுதாம உள்ள போனது என்னன்னு எழுதச் சொன்னேன், முழுசு, பாதி, கால், தொடல, இந்த நாலு வார்த்தை போதும்.

அதுக்கப்புறம்

மூணாவது வாரத்துல நர்ஸ் போன் பண்ணி ‘அடில சிவப்பா குருணை குருணையா வருது’ன்னாங்க, புதுச்சதை. யூரியா 34க்கு வந்துச்சு. ஆவணி கடைசில புண்ணு 2.5க்கு 2. நடுவுல புரட்டாசில ஒரு வாரம் வயித்துப்போக்கு வந்து சாப்பாடு பாதியா கொறைஞ்சு, புண்ணு அப்படியே நின்னுச்சு, அந்த வாரம் மோர்க்கஞ்சியும் பருப்புத் தண்ணியும்தான், மறுபடி ஏத்த பத்து நாள் ஆச்சு. ஐப்பசி கடைசில புண்ணு மூடுச்சு. அப்போ கெண்டைக்கால் 28.5, எடை 44 கிலோ, அல்புமின் 3.4, கால் வீக்கம் இல்ல. அல்புமின் ஏறினது முழுக்கச் சாப்பாட்டாலன்னு சொல்ல மாட்டேன், அதே நேரம் அழற்சி காட்டுற சிஆர்பியும் எறங்கிருச்சு, ரெண்டும் சேர்ந்ததுதான்.

ஆச்சி முன்னைக்கு நல்லாத் தூங்குறாங்க, சிரிக்கிறாங்கன்னு மகன் சொல்லி ‘டிரிப்டோஃபான் போனா செரடோனின் வரும்னு படிச்சேன், அதுதானே’ன்னு கேட்டாரு. டிரிப்டோஃபான்ங்கிற அமினோ அமிலத்துல இருந்து மனநிலையோட சம்பந்தப்பட்ட செரடோனினும் அதுல இருந்து தூக்கத்தோட சம்பந்தப்பட்ட மெலடோனினும் உடம்பு செய்றது உண்மை. ஆனா இங்க மகள் நாலு மாசம் கூட இருந்திருக்காங்க, வலி கொறைஞ்சிருக்கு, புண்ணு ஆறியிருக்கு. இதையெல்லாம் விட்டுட்டு ஒரு அமினோ அமிலத்துக்குப் பேர் குடுக்க எனக்கு மனசு வரல, அதையே அவர்கிட்ட சொன்னேன்.

நடை முழுசா வரல. வாக்கர் இல்லாம ஆச்சியால முடியாது, இனிமேலும் வரும்னு பிசியோ உறுதி சொல்லல.

இனி நான் மாத்திக்கிறது

புரோட்டீன் கணக்கு எழுதுற பக்கத்துலயே கலோரி கணக்கையும் எழுதுறேன், கலோரி பத்தலைன்னா புரோட்டீன் மாவைத் தொடுறதே இல்ல. மாவைத் தண்ணில கலக்கி சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்கிறதை நிறுத்திட்டேன். மொதல் தடவை போய்ட்டு பதினஞ்சு நாள் விடுறதும் இல்ல, அஞ்சாவது நாள் ஒரு போன், மிச்சத் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். ஆச்சி விஷயத்துல அஞ்சாவது நாளே கேட்டிருந்தா பத்து நாள் மிச்சமாயிருக்கும்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அடுப்பு எங்க, படுக்கை எங்க, நடுவுல எத்தனை அடி, ராத்திரி தட்டை யாரு குடுக்கிறா, இதைக் கேக்குறேன். நம்ம பக்கம் பெரிய வீட்ல ஒத்தையா இருக்கிற பெரியவங்க நெறைய பேர், ராத்திரிச் சாப்பாடு மூடி வச்ச தட்டுதான். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்களை புண்ணு வந்த பிறகு பார்க்காம டிஸ்சார்ஜ் அன்னைக்கே எடையும் சாப்பாடும் பார்க்கணும்னு இந்தப் பக்கத்து நர்ஸுங்க ரெண்டு மூணு பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், இப்போ அவங்க கூப்பிடுறாங்க.

மார்கழில கடைசியா போனப்போ ஆச்சி வாக்கரைப் பிடிச்சு ரெண்டாங்கட்டுல இருந்து முகப்பு வரைக்கும் வந்து திண்ணைல உக்காந்திருந்தாங்க. மகள் கோயம்புத்தூர் போயிட்டாங்க, ராத்திரி தங்குறதுக்கு ஒரு பொண்ணைப் போட்டிருக்காங்க. எடை 45. கும்மாயத்தைத் தெனமும் வேணாம், வாரம் மூணு நாள் போதும்னு சொல்லிட்டு வந்தேன், மத்த நாளைக்குப் பாசிப்பருப்புப் பாயசம் கேட்டாங்க, கருப்பட்டியைக் கொறைச்சுப் போட்டுக்குங்கன்னு ஒத்துக்கிட்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனை பங்குனில.